தாங்குகிறவள்

பயமா என்று கேட்டுவிட்டார் அந்த ஆள். பியூலா ரிங் மூலையில் போட்ட முக்காலியில் முழுசாக உட்காரக்கூட இல்லை. அதற்குள் அவள் வாயிலிருந்து பல்காப்பை உருவிக்கொண்டே, "ஏம்மா, தடுத்துகிட்டே நிக்கிறியே, அடிக்கவே மாட்டங்கிறியே, என்னா, பயமா?" என்று கேட்டு, பதில் வருவதற்கு முன்னால் பாட்டிலையும் வாயில் கவிழ்த்துவிட்டார். தண்ணீர் பாதி உள்ளே, பாதி மார்பில். துப்பிய எச்சிலில் கொஞ்சம் ரத்தம். பயமாம். யாரைப் பார்த்துக் கேட்கிறார்? காலையில் புருஷோத்தமன் என்று பெயர் சொன்னார், கடலூர்ப் பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர், முன்னே பின்னே பியூலாவைப் பார்த்தவர் இல்லை. அவள் மூலையில் நிற்க ஆள் இல்லை என்று குத்துச்சண்டைப் போட்டி நடத்துகிறவர்கள் பிடித்துக் கொடுத்த இரவல் ஆள். ஏன் ஆள் இல்லை? சொந்த மாஸ்டர் எங்கே போனார்? அதோ, எதிர் மூலையில், சம்யுக்தாவுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து அவள் தொடையை உருவிவிட்டுக்கொண்டிருக்கிறார் தனசீலன் மாஸ்டர். ஒரே கிளப்பிலிருந்து இரண்டு பேர் இறுதிக்கு வந்துவிட்டால் மாஸ்டர் எந்த மூலைக்கும் போகாமல் கீழே உட்கார்ந்துவிடுவதுதான் வழக்கம். போன வருடம் கிளப் பையன்கள் இரண்டு பேர் மோதியபோது அவர் மூன்றாவது வரிசையில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார், ரெண்டும் என் புள்ளைங்கதான், யார் ஜெயிச்சாலும் எனக்கு ஒண்ணுதான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார், பியூலா தன் காதால் கேட்டாள். இன்றைக்கு அந்த வழக்கம் எங்கே போயிற்று? காலையில் அவள் கைக்குத் துணிப்பட்டை சுற்றக்கூட அவர் வரவில்லை. பல்லால் ஒரு நுனியைக் கடித்துக்கொண்டு தானே சுற்றிக்கொண்டாள். ரெண்டும் என் புள்ளைங்க என்றால் அது பையன்களுக்குச் சொன்னது போலிருக்கிறது.

மூன்றாவது ரவுண்டுக்கு ஒரு நிமிடம். ஒரு நிமிடத்தில் இந்தக் கடலூர்க்காரருக்கு என்னவென்று சொல்வது? முதல் ரவுண்டைச் சொல்லலாம், மானம் போன கதையை. அதை அவரும்தான் பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் இந்தக் கேள்வி. சம்யுக்தா இடது கையை நீட்டிவிட்டுத் திரும்ப எடுக்கும்போது தோளுக்குக் கீழே இறக்குவாள், எப்போதும் இறக்குவாள், அது பியூலாவுக்குத் தெரிகிற அளவுக்குச் சம்யுக்தாவுக்கே தெரியாது. அந்தச் சந்தில் பியூலாவின் வலது கை தானாகப் போய்த் தாடையில் விழுந்தது. நல்ல அடி, சத்தமே சொன்னது. அடுத்த நொடி பியூலா என்ன செய்தாள்? இடது கையை நீட்டினாள். மன்னிப்புக் கேட்பதற்கு. பயிற்சியில் தெரியாமல் பலமாகப் பட்டுவிட்டால் கிளவுஸை நீட்டுவார்கள், மற்றவர் தன் கிளவுஸால் அதைத் தொட்டுப் பரவாயில்லை என்பார், ஆட்டம் தொடரும், நல்ல மரியாதைதான். பயிற்சியில். மணி அடித்து, மாநில இறுதியில், ஐந்து ஜட்ஜுகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த மடைச்சியாவது கையை நீட்டுவாளா? பியூலா நீட்டினாள். நீட்டிய கைக்கு மேலாகவே சம்யுக்தாவின் வலது வந்து மூக்கில் இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்திருந்த கல்லூரி ஹாஸ்டல் பையன்கள் ஒருவன் தோளில் ஒருவன் விழுந்து சிரித்தார்கள், ஒருத்தன் விசில் அடித்தான். மூக்கு வலித்தது பெரிசில்லை. அந்தக் கை யாரைக் கேட்டு நீண்டது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

யாரைக் கேட்டு? மாஸ்டரைக் கேட்டுத்தான். வியாசர்பாடியில் மாஸ்டரின் கிளப் நடக்கிற தகரக் கொட்டகைக்குள் பியூலா நுழைந்தபோது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள், மற்றவர்களைப் போலப் பையை அடித்தாள், டயரை அடித்தாள், கண்ணாடி முன்னால் காற்றையும் அடித்தாள். சம்யுக்தா ஜூனியரில் மெடல் வாங்கி வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. மெடல்காரிக்கு அடித்துப் பழக ஆள் வேண்டும், பையன்களோடு விட்டால் அடிபட்டுவிடும், சின்னப் பெண்கள் தாங்க மாட்டார்கள். பியூலா தாங்குவாள். "நீ அடிக்காத. அவ அடிக்கட்டும், நீ தாங்கிக்க. தடுக்கக் கத்துக்க, அதான் பெரிய வித்தை" என்றார் மாஸ்டர். அடித்தால் சம்யுக்தாவின் நம்பிக்கை போய்விடுமாம். செலக்‌ஷன் வரைக்கும்தான் என்றார். அந்த செலக்‌ஷன் முடிந்தது, அடுத்த செலக்‌ஷன் வந்தது, அப்புறம் நேஷனல், அப்புறம் கேம்ப், மாமியார் வீட்டு வேலை மாதிரி முடிவே இல்லை. இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி, கிளவுஸ் இரண்டையும் நெற்றியில் வைத்து, இடுப்பை அசைத்து, குனிந்து, நழுவி, பியூலா தாங்கினாள். தாங்குவதிலும் ஒரு சுகம் இருந்ததை இல்லை என்று சொல்ல முடியாது. பத்து குத்து வந்தால் எட்டு காற்றில் போகும், சம்யுக்தா மூச்சு வாங்குவாள், பார்க்கிற பையன்கள் ஐயோ என்பார்கள். கொட்டகைக்கு யாராவது பெரிய மனிதர் வந்தால் மாஸ்டர் அவள் தலையைத் தட்டி, "இது நம்ம செவுரு. எவ்ளோ அடிச்சாலும் நிக்கும்" என்பார். நிக்கும். நிப்பா என்றுகூட இல்லை. அதற்கும் பல்லைக் காட்டிச் சிரித்திருக்கிறாள் பியூலா, அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. பெருமையாக இருந்ததே அன்றைக்கு, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாளே, மாஸ்டர் என்ன செவுருன்னு சொன்னாரும்மா என்று. அம்மா வடித்த சோற்றைக் கிளறிக்கொண்டே, செவுத்துல ஆணி அடிக்காம இருந்தா சரி என்றாள்.

"மூச்சு இழுத்து வுடு. இன்னும் நல்லா" என்கிறார் கடலூர்க்காரர். துண்டால் விசிறுகிறார். துண்டில் டெட்டால் வாசனை, அதற்கு அடியில் வேறு யாருடைய வேர்வையோ. இழுத்து விடுகிறாள். எதிர் மூலையில் மாஸ்டர் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் வைத்துக் காட்டுகிறார், பிறகு நடுவே ஒரு விரலை நுழைத்துக் காட்டுகிறார். அட. பியூலா கைகளால் முகத்தை மறைத்து நிற்கிற கார்டைத்தான் காட்டுகிறார். சுவரைக் கட்டியவருக்குத்தானே தெரியும் எங்கே செங்கல் ஆடும் என்று. வலது முழங்கை சீக்கிரம் களைத்துப்போகும், களைத்தால் இரண்டு விரல் அகலம் விலகும், அதைச் சரிசெய்யச் சொல்லித் தினமும் கத்தியவரே அங்கே போய் அதைச் சொல்லிக்கொடுக்கிறார். வெட்கம் இருக்கிறதா மனுஷனுக்கு? இத்தனை வருடமாக எடைப் பிரிவை மாற்றிவிட்டே ஓட்டினார், நீ ஐம்பது கிலோவுல ஆடு, ஐம்பதுலதான் உனக்கு சான்ஸ் என்று. அவளுக்கு என்ன சான்ஸ், சம்யுக்தா ஐம்பத்து நாலில் ஆடுகிறாள், குறுக்கே வரக் கூடாது, அவ்வளவுதான். எடை எடுக்கிற நாளுக்கு முந்தின நாளெல்லாம் பியூலா எச்சிலைக்கூட விழுங்காமல் பிளாஸ்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினாள். வலுவெல்லாம் ஓட்டத்திலேயே போய், ரிங்கில் ஏறும்போது கண் இருட்டும். இந்த வருடம் உடம்பு மாட்டேன் என்றுவிட்டது. எலும்பு வளர்ந்தால் அவள் என்ன செய்வாள்? எடை இறங்கவில்லை, ஐம்பத்து நாலுக்கு வந்துவிட்டாள். திமிரு என்றார் மாஸ்டர். மூன்று பேரைத் தாண்டி இறுதிக்கு வந்தாள். அந்த மூன்று பேரும் அடித்து அடித்துக் களைத்துத் தாங்களாகவே விழுந்தார்கள். அவள் ஜெயித்தாள் என்று யாரும் சொல்லவில்லை, அவர்கள் தோற்றார்கள் என்றார்கள். சம்யுக்தாவோ லேசில் களைக்கிறவள் இல்லை. இன்றைக்கு ஜெயிக்கிறவள் நேஷனலுக்குப் போவாள். தோற்கிறவள் கொட்டகைக்குத் திரும்பிப் போவாள், போய் என்ன செய்வாள் என்று பியூலாவுக்குத் தெரியும்.

ஒரு தடவை அடித்திருக்கிறாள். அதையும் சொல்லத்தான் வேண்டும், யாரிடம் சொல்வது. போன மழைக்காலம், கொட்டகைத் தகரத்தில் மழை இரைகிற சத்தத்தில் மாஸ்டர் கத்துவது கேட்கவில்லை, ஒருவேளை அந்த தைரியம்தானோ என்னவோ, சம்யுக்தா இடது கையை இறக்கினாள், பியூலா உள்ளே புகுந்து வயிற்றில் ஒன்று, நிமிர்ந்து முகத்தில் ஒன்று. சம்யுக்தா உட்கார்ந்துவிட்டாள். கீழ் உதடு பிளந்து ரத்தம். அந்த நொடியில் பியூலாவுக்கு உடம்பு முழுக்க ஒரு வெளிச்சம் ஓடியது, ஐயோ நம்மாலும் முடிகிறதே என்று. அதை முழுசாக அனுபவிக்கக்கூட விடவில்லை. மாஸ்டர் கயிற்றைத் தாண்டி வந்து அவள் பின்னந்தலையில் வைத்தார் ஒன்று. "யார்ரீ உன்ன அடிக்கச் சொன்னது? அவ மூஞ்சி உடைஞ்சா கேம்ப்புக்கு நீ போவியா?" என்றார். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டாள். பிறகு மாதக் கணக்கில் கிளவுஸ் கிடையாது, வாளி தூக்கு, ரிங் தரையில் கேன்வாஸைத் துடை, ஈரக் கைப்பட்டைகளைக் கொடியில் காயப்போடு. சம்யுக்தா அக்கா நல்லவள்தான், பரவால்ல மாஸ்டர் பாவம் அவ என்று சொன்னாள், மறுநாள் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தாள். அந்தப் பாதாம் பாலைக் குடித்ததுதான் தொண்டையில் நிற்கிறது இன்னமும். அடித்தவளுக்குப் பாவம் என்று ஒரு பேரா? ஜெயித்தவளுக்கு இரக்கம் காட்ட இவள் யார்?

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொன்னவனை இந்த முக்காலியில் உட்காரவைக்க வேண்டும். எந்தப் பூமியை எவள் ஆண்டாள்? குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள், குனியக் குனியக் குட்டுகிறவனும் முட்டாள் என்று ஒரு பேச்சு. குட்டுகிறவன் எங்கே முட்டாள்? அவனுக்கல்லவா மெடல் கிடைக்கிறது? பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளை மட்டும் மைதானத்துக்குக் கூப்பிட்டு ஒரு டீச்சரம்மா வந்து சொல்லிக்கொடுத்தார், தற்காப்புக் கலையாம். கையைப் பிடித்தால் எப்படி உதறுவது, முடியைப் பிடித்தால் எப்படிக் குனிவது, பிறகு எப்படிக் கத்திக்கொண்டு ஓடுவது. ஓடுவது வரைக்கும் பாடம். உதறிவிட்டு நின்று ஒன்று வைப்பது எப்படி மிஸ் என்று பியூலா கேட்டாள், எல்லோரும் சிரித்தார்கள், மிஸ்ஸும் சிரித்தார். சரி, தற்காத்துக்கொள்வதாவது குற்றமில்லாமல் இருக்கிறதா? இரண்டாவது ரவுண்டில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். இரண்டு கிளவுஸையும் முகத்துக்கு முன்னால் மூடிக்கொண்டு சும்மா நிற்கக் கூடாது என்று செய்து காட்டி, விரலை ஆட்டி எச்சரித்தார். இதுவும் ஃபவுலாம். அடித்தால் திமிர், அடிக்காவிட்டால் ஃபவுல். மூஞ்சியை மூடினால் தப்பு, மூடாவிட்டால் மூக்கு உடையும். ஒரு பெண் என்னதான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறார்கள் எல்லோரும்?

"கோவம் இருக்குது ஒனக்கு. கண்ணுலயே தெரியுது" என்கிறார் புருஷோத்தமன், மூக்குக்குக் கீழே வாஸ்லைனைத் தடவிக்கொண்டு. "அத்தன கோவத்த வச்சிகிட்டு ஏம்மா அடிக்க மாட்டங்கிற? அவ குத்துல பாதி காத்துலதான் போச்சு, ரெண்டாவது ரவுண்டு சரிசமமாத்தான் போயிருக்கு. அந்தப் பொண்ணு எடது கைய எறக்குறா. இன்னிக்கி வந்த எனக்கே தெரியுது, ஒனக்குத் தெரியலையா?" தெரியும். தெரியும் ஐயா. தெரிந்துகொண்டுதான் இரண்டு ரவுண்டாக அந்தச் சந்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், பஸ்ஸை விட்டுவிட்டு பஸ் போவதையே பார்க்கிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் வலது தோள் கிளம்பும், பாதி வழியில் நிற்கும். மாஸ்டர்தான் பிடித்து நிறுத்துகிறார் என்று இத்தனை நேரம் நினைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் எங்கே நிறுத்துகிறார்? அவர் அந்தப் பக்கம் சம்யுக்தாவின் தொடையை உருவிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு அடிக்காதே என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. இந்த இரவல் ஆள் அடி அடி என்கிறார், நடுவர் அடி என்கிறார், ஹாஸ்டல் பையன்கள்கூட அடிடீ என்கிறார்கள். பின்னே யார் நிறுத்துவது? இங்கே வந்து மாட்டிக்கொண்டது பியூலாவின் நினைப்பு. இதற்கு அப்பால் போகப் பிடிக்கவில்லை, திரும்பி மாஸ்டரைத் திட்டவே போகிறது, செவுரு, பாதாம் பால், பின்னந்தலை அடி என்று பழைய இடத்துக்கே ஓடுகிறது, அங்கே அவளுக்கு வசதியாக இருக்கிறது. ஏன் வசதி? ஏனென்றால், சொல்லேன், ஏனென்றால், விட்டிருந்தால் நான் சம்யுக்தாவை ஒரு கை பார்த்திருப்பேன் என்று தினமும் சொல்லிக்கொண்டு தூங்குகிறாளே, அது அங்கேதான் பத்திரமாக இருக்கிறது. விடவில்லை, அதனால் அடிக்கவில்லை. அடிக்கவில்லை, அதனால் தோற்கவும் இல்லை. இன்றைக்கு விட்டுவிட்டார்கள். முழு மனசோடு அடித்து, அப்படியும் சம்யுக்தாவே மேல் என்று ஆகிவிட்டால்? அப்போது மாஸ்டர் சொன்னது சரி, அவள் செவுருதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மூக்கு உடைவதில் பயம் இல்லை. அது தெரிந்துபோய்விடுமே என்றுதான்.

பயம்தான் அண்ணே என்று சொன்னாள். வாயில் பல்காப்பைத் திணித்துக்கொண்டிருந்தபோது சொன்னதால் அவருக்குக் கேட்டிருக்காது. முகத்தில் அறைந்த மாதிரி வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்திலும் மாஸ்டர் மேல் இருந்த கோபம் ஒரு பிடி குறையவில்லை. நல்லது, அவர் செய்தது செய்ததுதான், அதற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் இந்தக் கோபத்தையும் அவள் கிளவுஸ் மாதிரி நெற்றிக்கு முன்னால் பிடித்துக்கொண்டுதானே நின்றிருக்கிறாள். மணி அடித்தது. முக்காலியை இழுத்துவிட்டார்கள். எழுந்தாள்.

முதலில் நீட்டிய இடது கை எட்டவே இல்லை. அவளே கண்ணை மூடிக்கொண்டாள் என்று பிறகுதான் தெரிந்தது. கை திரும்புவதற்குள் சம்யுக்தாவின் வலது காதோரம் விழுந்து மண்டைக்குள் ரயில் ஓடியது. பாத்தியா, அடிக்கப் போனா இதான் என்று உள்ளே ஒரு குரல், முழங்கை விலாவோடு ஒட்டக் கிளம்பியது. ஒட்டவிடவில்லை. மறுபடி இடது. இந்த முறை நெற்றியில் பட்டது, பலமில்லாத அடி, போகட்டும். மறுபடி வாங்கினாள், கன்னத்தில். அடி வாங்காமல் அடிக்க முடியாது என்பது எவ்வளவு சின்ன விஷயம், பச்சைக் குழந்தைக்குத் தெரியும், இத்தனை வருடம் ரிங்கில் நின்றவளுக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. சம்யுக்தா இடது கையை இறக்கினாள். தோள் கிளம்பியது, பாதி வழி வந்தது, வந்து நிற்கப் பார்த்தது, பியூலா ஒரு கெட்ட வார்த்தை சொல்லி அதை அனுப்பினாள். போய் விழுந்தது. இன்னொன்று, வயிற்றில். இன்னொன்று. இப்போது எதையும் எண்ண முடியவில்லை, யாரையும் திட்டவும் நேரமில்லை. சம்யுக்தா பின்னால் போகிறாள். கயிறு வரைக்கும் போகிறாள். சம்யுக்தா அக்காவின் முதுகு கயிற்றில் படுவதைப் பியூலா பார்த்ததே இல்லை. சம்யுக்தா இரண்டு கையாலும் அவளைக் கட்டிக்கொண்டாள், பல்காப்புக்குள்ளிருந்து அவள் குரல் பியூலாவின் காதுக்குள் வந்தது.

"ஏய், என்னடி ஆச்சு உனக்கு? மெதுவா."

கெஞ்சல் இல்லை அதில். உரிமை. கொட்டகையில் தண்ணீர் எடுத்து வா என்று சொல்கிற அதே குரல். நடுவர் பிரித்துவிட்டார். பிரித்து, பாக்ஸ் என்ற சொல் அவர் வாயைவிட்டு முழுசாக வருவதற்குள் பியூலா மறுபடி அங்கே இருந்தாள். கை இரண்டும் கனத்தன, வாய் வழியாக மூச்சு பிய்த்துக்கொண்டு வந்தது, அவளும் வாங்கினாள், கண்ணோரம் ஒன்று, விலாவில் ஒன்று, வாங்கி வாங்கிக் கொடுத்தாள். கடைசி மணி அடித்தபோது ரிங்கின் நடுவில் இருந்தவள் அவள்தான்.

மூன்றுக்கு இரண்டு. நடுவர் இருவருடைய மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு நின்றார், ஒலிபெருக்கியில் சிவப்பு மூலை என்றதும் சம்யுக்தாவின் கையைத் தூக்கினார். பியூலா அழுதாள். ஒரு ரவுண்டு, இன்னும் ஒரே ஒரு ரவுண்டு முன்னாலேயே ஆரம்பித்திருந்தால் என்று. அதோடு கூட, விழுந்து கிடந்தால்கூட மறைக்க முடியாத ஒரு சந்தோஷமும் இருந்தது, இரண்டும் சேர்ந்து மூக்கால் ஒழுகின. கடலூர்க்காரர் அவள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு முதுகில் தட்டினார், போய்விட்டார், அவருடைய பையன்களில் ஒருவனுக்கு அடுத்த ஆட்டம்.

படியை விட்டு இறங்கி, கிளவுஸைக் கழற்றிக் கொடுக்கிற மேஜைக்கு அருகில் நின்றபோது தனசீலன் மாஸ்டர் வந்தார். சம்யுக்தாவின் தோளில் கை போட்டிருந்தார். சம்யுக்தா ஒரு பிளாஸ்டிக் பையில் ஐஸ் வைத்துத் தாடையில் அழுத்திக்கொண்டிருந்தாள், இடது கண் மூடத் தொடங்கியிருந்தது.

"கடைசில என்னா ஆட்டம் ஆடிட்ட, சரி வுடு. மனசுல வச்சிக்காத" என்றார் மாஸ்டர். அவருக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. "நேஷனலுக்கு நாள் இல்ல. திங்கக்கெழம காலைல வந்துடு. அக்காவுக்கு ஸ்பாரிங் ஆள் வோணும்."

பியூலா கைப்பட்டையை உருவிக்கொண்டிருந்தாள். உருவி முடித்துச் சுருட்டி வைத்தாள். திட்டுவதற்கு ஆயிரம் இருந்தது, முக்காலியில் உட்கார்ந்திருந்த வரை வரிசையாக நின்றது, இப்போது அதில் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"வர்றேன் மாஸ்டர்" என்றாள். "ஆனா நானும் அடிப்பேன்."

மாஸ்டர் சிரித்தார். இவ பேசறதப் பாரு என்கிற மாதிரி சம்யுக்தாவைத் திரும்பிப் பார்த்தார். சம்யுக்தா ஐஸ் பையை எடுத்து, மறுபடி தாடையில் வைத்துக்கொண்டாள். அவள் சிரிக்கவில்லை.